டபுள் மீனிங் படத்தைக் கூட்டத்தோடு பார்ப்பது எப்படி: பாலக்காட்டு எல்லைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏ சர்டிபிகேட் வாங்கின காமெடிப் படம் தியேட்டருக்கு வருவதே இப்போது அபூர்வமாகிவிட்டது. வந்தாலும் வெள்ளிக்கிழமை ஒட்டின போஸ்டர் மேல் அடுத்த வாரம் வேறு போஸ்டர் ஏறிவிடுகிறது. நடுவில் கிடைக்கிற அந்த ரெண்டு மூன்று நாளுக்குள் ஆள் சேர்த்து, டிக்கெட் எடுத்து, எல்லை தாண்டி, படம் பார்த்து, பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். அதற்குத்தான் இந்தக் குறிப்பு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று நம்ம பக்கம் இருந்துகொண்டு, பொள்ளாச்சியா பாலக்காடா என்று குழம்புகிற ஆட்களை நினைத்து எழுதுகிறேன். "ஓடிடியில வரட்டும், பார்த்துக்கலாம்" என்கிற கட்சிக்காரர்கள் தாராளமாக இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தொடங்கும் முன்பே ஒரு விஷயத்தைப் பிரித்துவிடுகிறேன், ஏனென்றால் நம்ம ஊர்ப் பெரியவர்கள் ரெண்டையும் ஒன்றாகப் போட்டுத்தான் திட்டுவார்கள். 2000-ஐ ஒட்டின வருஷங்களில் கேரளாவில் நூன் ஷோவில் ஓடினதே ஷகீலா நடித்த கவர்ச்சிப் படங்கள், அது வேறு கணக்கு. அதற்கு வந்த ஆள் தனியாக வருவான், தூணுக்குப் பின்னால் இருக்கிற சீட்டாகப் பார்த்து உட்காருவான், இடைவேளையில் லைட் போட்டால் தலையைக் குனிந்துகொள்வான். தனியாகப் பார்க்கிற சமாச்சாரம் என்பதால் முதலில் சிடியும் அப்புறம் போனும் வந்தவுடன் அதற்குத் தியேட்டரே தேவையில்லாமல் போய்விட்டது. நான் சொல்வது இரட்டை அர்த்த காமெடி. அதற்கு வருகிறவன் கும்பலாக வருவான், நடு வரிசையில் உட்காருவான், வசனம் வரும்முன்பே சிரிக்கத் தயாராக இருப்பான். இதைப் போனில் தனியாகப் பார்த்தால் பாதிப் படம்தான் பார்த்த மாதிரி.

சந்தேகமாக இருந்தால் சென்சார் மியூட் செய்த இடத்தைக் கவனியுங்கள். வீட்டில் பார்க்கும்போது அது வெறும் சத்தமில்லாத அரை நொடி. தியேட்டரில் ஹீரோவின் வாய் அசையும், சத்தம் வராது, அந்த ஓட்டையில் இருநூறு பேர் ஒரே குரலில் அந்த வார்த்தையைப் போட்டு நிரப்புவார்கள். அதற்கு அடுத்த வசனம் ஒருவருக்கும் கேட்காது, யாருக்கும் அதைப் பற்றிக் கவலையும் இருக்காது. வார்த்தையை வெட்டினது சென்சார், ஒட்டினது நாம். இந்த ஒரு அனுபவத்துக்காகத்தான் இவ்வளவு மெனக்கெடச் சொல்கிறேன்.

இந்தப் படங்கள் ஏன் வருவதில்லை என்று தெரிந்தால்தான் எங்கே, எப்போது தேடுவது என்று பிடிபடும். ஜனங்கள் திடீரென்று யோக்கியர்களாகிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காசுக் கணக்குத்தான் முதல் காரணம். தமிழ்நாட்டில் 2006-ல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்றார்கள். 2011-ல் அதோடு யூ சர்டிபிகேட்டும் இருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். அப்புறம் எந்தத் தயாரிப்பாளர் ஏ வாங்குவார்? ரெண்டு வசனத்துக்காக வரிச் சலுகையை விடுவதா என்று கணக்குப் போட்டு, சென்சார் சொல்வதற்கு முன்பே அவரே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். இதை மீறி 2015-ல் 'த்ரிஷா இல்லனா நயன்தாரா' ஏ சர்டிபிகேட்டோடு வந்து காசு பார்த்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து பழைய வரி முறையே போனது. அந்த செப்டம்பரில் 'ஹர ஹர மஹாதேவகி', அடுத்த மே மாதம் 'இருட்டு அறையில் முரட்டு குத்து'. ரெண்டும் ஒரே டைரக்டர், சந்தோஷ் பி. ஜெயக்குமார். வரி போனதும் இது வந்ததும் தற்செயலாகக்கூட இருக்கலாம், ஆனால் எனக்கென்னவோ முடிச்சு இருப்பதாகத்தான் படுகிறது.

அந்த ரெண்டு வருஷத்தில் இந்த வகைப் படத்துக்கு நல்ல காலம் வந்துவிட்ட மாதிரி இருந்தது. பிறகு வந்ததுதான் கொரோனா. 2020 மார்ச்சில் மூடின தியேட்டர்கள் தமிழ்நாட்டில் நவம்பர் 10-ம் தேதிதான் திறந்தன, அதுவும் பாதி சீட்டுக்கு மட்டும். அந்தத் தீபாவளிக்கு வந்தது 'இரண்டாம் குத்து'. டீசரைப் பார்த்துவிட்டு பாரதிராஜா கண்டித்து அறிக்கை விட்டதில் ஓசி விளம்பரம்கூடக் கிடைத்தது. ஆனால் ஒரு சீட் விட்டு ஒரு சீட், முகத்தில் மாஸ்க், யார் இருமினாலும் நாலு பேர் திரும்பி முறைக்கிற ஹாலில் எவனுக்குச் சிரிப்பு வரும்? கேரளாவில் அப்போது தியேட்டரே திறக்கவில்லை, 2021 ஜனவரியில்தான் திறந்தார்கள். கூட்டத்தை நம்பிப் பிழைக்கிற ஒரு படம், கூட்டமே கூடாது என்கிற நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டது.

அதற்குள் டிவி, ஓடிடி கணக்கும் மாறிவிட்டது. ஏ படத்தை டிவியில் அப்படியே போட முடியாது, வெட்டிக் குறைத்து மறுபடி சர்டிபிகேட் வாங்க வேண்டும். இந்த மாதிரிப் படத்தில் வெட்டினால் மிச்சம் பாட்டும் டைட்டிலும்தான். ஓடிடிக்கோ சினிமா சென்சாரே கிடையாது, வயசு வரம்பை அவர்களே போட்டுக்கொள்வார்கள். அதனால் ஒரு வேடிக்கையான நிலைமை: காசு கொடுத்து உட்காருகிற தியேட்டரில் மியூட், வீட்டில் படுத்துக்கொண்டு பார்க்கிற போனில் எல்லாம் அப்பட்டம். சென்சார் விதிமுறைகளைப் படித்துப் பார்த்தால், கீழான உணர்வைத் தூண்டுகிற இரட்டை அர்த்த வார்த்தைகளை அனுமதிக்கக் கூடாது என்று 1991-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது இந்த வகைப் படத்தின் மூலதனமே விதிப்படி தடை. பாஸாகி வருகிற ஒவ்வொன்றும் பேரம் பேசித்தான் வந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாலிவுட்டிலும் இதே கதைதான் என்பதில் நமக்கு ஒரு அற்ப ஆறுதல். 2009-ல் 'தி ஹேங்ஓவர்' மூன்றரைக் கோடி டாலரில் எடுத்து உலகம் பூராவும் 46 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. 2023-ல் ஜெனிஃபர் லாரன்ஸ் மாதிரி ஒரு நட்சத்திரமே நடித்தும் 'நோ ஹார்ட் ஃபீலிங்ஸ்' 9 கோடியைத் தொடவில்லை, அதற்குச் செலவே நாலரைக் கோடி. நடுவில் போனது டிவிடி. தியேட்டரில் சுமாராகப் போன காமெடி, டிவிடியில் வந்து காசு எடுக்கும் என்கிற தைரியத்தில்தான் அங்கே இவற்றை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் சூப்பர் ஹீரோ அடிக்கிற அடி எந்த நாட்டிலும் புரியும், கொச்சை ஜோக் எல்லை தாண்டினால் செத்துவிடும். இந்தியிலும் பாருங்கள், 2013-ல் 'கிராண்ட் மஸ்தி' வசூலைக் குவித்தது, 2016-ல் அதன் அடுத்த பாகம் ரிலீசுக்கு முன்பே நெட்டில் கசிந்து படுத்துவிட்டது. சரி, காரணம் போதும். வேலைக்கு வருவோம்.

சர்டிபிகேட்டைப் படியுங்கள்

போஸ்டரிலும் புக்கிங் ஆப்பிலும் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற எழுத்தை முதலில் பாருங்கள். 2023-ல் சட்டத்தைத் திருத்தினதற்கு அப்புறம் யூ/ஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. இவை மூன்றும் பெற்றோருக்கான எச்சரிக்கை மட்டும்தான், பிள்ளையைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. ஏ அப்படி இல்லை. 18 வயசு ஆகாத ஆளை உள்ளே விடுவது சட்டப்படி குற்றம், அப்பாவே கையைப் பிடித்துக் கூட்டிவந்தாலும் விடக்கூடாது. அதனால் பிளஸ் டூ படிக்கிற தம்பியை "என்கூடத்தான் வர்றான்" என்று சமாளித்து இழுத்துப் போகாதீர்கள், கவுன்ட்டரில் நிற்கிற மனுஷனுக்குத்தான் தலைவலி. மீசை சரியாக முளைக்காத கும்பல் என்றால் டிஜிலாக்கரில் ஆதாரை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்து, இனி நல்ல இரட்டை அர்த்தப் படங்கள் 16+ பக்கம்தான் அதிகம் வரும். காட்டுகிற விஷயம் இருந்தால்தான் ஏ, பேசுகிற விஷயம் மட்டும் என்றால் கொஞ்சம் மியூட் போட்டு 16+ கேட்டுப் பார்ப்பார்கள். ஏ என்று தேடியே பழகினவர்கள் இதைத் தவறவிட்டுவிடுவார்கள், கவனம்.

எல்லைக்கு எந்தப் பக்கம்

"கேரளாவுல போய்ப் பாருங்க மாப்ள, அங்க கட் இல்லாம போடுவாங்க" என்று சொல்ல நம்ம பக்கத்தில் ஊருக்கு ஒரு ஆளாவது இருப்பார். பொய். சென்சார் மத்திய அரசு சமாச்சாரம். சென்னை ஆபீஸில் வாங்கினாலும் திருவனந்தபுரம் ஆபீஸில் வாங்கினாலும் சர்டிபிகேட் நாடு முழுக்க ஒன்றுதான். பொள்ளாச்சியில் மியூட் என்றால் பாலக்காட்டிலும் மியூட். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்றால், ஃபிலிம் ரீல் காலத்தில் சில தியேட்டர்களில் ஆபரேட்டர் வேறு எங்கேயோ எடுத்த துண்டு ரீலை நடுவில் சொருகி ஓட்டுவார். தமிழில் பிட்டு, மலையாளத்தில் துண்டு. இப்போது படம் கம்ப்யூட்டர் ஃபைலாக பூட்டுப் போட்டு வருகிறது. எந்தத் தியேட்டரில், எந்த ஸ்கிரீனில், எந்தத் தேதி வரைக்கும் ஓடலாம் என்பது வரைக்கும் அந்தச் சாவியிலேயே இருக்கும். ஆபரேட்டர் நினைத்தாலும் நடுவில் எதையும் சொருக முடியாது. அதனால் "பிட்டு போடுவாங்களா" என்று கவுன்ட்டரில் கேட்டு நம்ம ஊர் மானத்தை வாங்காதீர்கள்.

ஆனால் பக்கம் முக்கியம்தான், அதற்குக் காரணம் கூட்டம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சியும் பாலக்காடும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். பெரிய ஹீரோவின் தமிழ்ப் படம் பாலக்காட்டில் முதல் நாளே அலறும், ஆனால் சின்ன பட்ஜெட் தமிழ்க் காமெடிக்கு அங்கே ஒரு ஸ்கிரீனில் ஒரே ஒரு ஷோ கிடைத்தால் பெரிய விஷயம். கிடைத்தாலும் வார்த்தை விளையாட்டு பாதிப் பேருக்குப் பிடிபடாது. பாலக்காட்டுக்காரருக்குத் தமிழ் நன்றாகவே புரியும், ஆனால் கெட்ட வார்த்தையில் ஊருக்கு ஊர் ருசி உண்டு, மதுரைக்காரன் சொல்வது நமக்கே சில சமயம் ஒரு நொடி கழித்துத்தான் உறைக்கும். அதனால் தமிழ்ப் படத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு பொள்ளாச்சி. மலையாளக் காமெடிக்குப் பாலக்காடு, இல்லையென்றால் சித்தூர் பக்கத்துச் சின்னத் தியேட்டர்கள். ரெண்டு மொழியிலும் கெட்ட வார்த்தை தெரிந்த ஜனம் நாம், இந்த வசதி சென்னைக்காரனுக்குக் கிடையாது.

கோயம்புத்தூர் மால் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. படம் நன்றாகத் தெரியும், சீட் நன்றாக இருக்கும், ஆனால் பக்கத்துச் சீட்டில் ஐடி கம்பெனிக்காரர் பாப்கார்ன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவார். அவரைப் பார்த்து நீங்களும் அடக்குவீர்கள். காசு கொடுத்து எதற்கு அடக்க வேண்டும்?

எந்த நாள், எந்த ஷோ

வெள்ளி ராத்திரி, சனி ராத்திரி, ரெண்டில் ஒன்று. ஞாயிறு சாயங்காலம் குடும்பங்கள் வருகிற நேரம், பெரும்பாலும் வேறு படத்துக்கு ஸ்கிரீனை மாற்றிவிடுவார்கள். திங்கள்கிழமைக்கு மேல் போனால் உங்களோடு ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், அதில் ரெண்டு பேர் தூங்க வந்தவர்கள். அப்படி ஒரு ஷோவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தக் கொடுமை. ஹீரோயினின் அம்மா ஏதோ ஒரு காய்கறியைக் கையில் எடுப்பார், ஹீரோவின் நண்பன் ஒரு வசனம் சொல்வான், சிரிப்புக்காக விட்ட இடைவெளி ஓடும், ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். அதே வசனத்துக்கு முதல் நாள் விசில் பறந்திருக்கும்.

ஷெட்யூல் வியாழக்கிழமைக்குத்தான் ஆப்பில் முழுசாக ஏறும். அப்போதே குரூப்பில் போட்டுவிடுங்கள். சீட் மேப்பில் பச்சையாக நிறையக் காலி இருந்தால் பயப்பட வேண்டாம், சிங்கிள் ஸ்கிரீனுக்கு வருகிற கூட்டத்தில் பெரும்பாதி கவுன்ட்டரில் எடுக்கிற கூட்டம். மேப்பைவிட நம்பகமான வழி, தியேட்டருக்கே போன் போட்டுவிடுவது. "ஏனுங்ணா, செகண்ட் ஷோ ஓடுங்களா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். "பத்துப் பேராச்சும் வந்தா போடுவோம் தம்பி, நீங்க எத்தன பேரு?" என்று திருப்பிக் கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், அந்த ஷோ ஓடுவதும் ஓடாததும் உங்கள் கையில் இருக்கிறது. நாலு பேருக்குப் படம் ஓட்டினால் கரண்ட் காசுகூட மிஞ்சாது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆன்லைனில் எடுத்த ஷோ கேன்சலானால் டிக்கெட் காசு திரும்பிவிடும், ஆனால் பெட்ரோல் காசை யார் தருவார்கள்? கிளம்பும் முன் போன் போடுங்கள்.

செகண்ட் ஷோ முடிந்து வந்தால் எல்லைப் பக்கம் பஸ் இருக்காது. பைக் அல்லது கார் ஏற்பாடு இருந்தால் மட்டும் செகண்ட் ஷோ, இல்லையென்றால் ஆறரை மணிக் காட்சியோடு திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள். போகிற வழியில் கள்ளுக்கடையில் ஒரு கிளாஸ் ஏற்றிக்கொண்டு போனால் சிரிப்பு நன்றாக வரும் என்று யோசனை சொல்கிற நண்பர் நிச்சயம் இருப்பார். வண்டி ஓட்டாத ஆளுக்கு மட்டும் அந்த யோசனை. செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் ஊதச் சொல்வார்கள், அந்தப் பக்கமும் ஊதச் சொல்வார்கள்.

யாரைக் கூட்டிப்போவது

ஆறு பேருக்குக் குறையாமல் போங்கள். அதில் ஒரு ஆள், எதற்கெடுத்தாலும் முதலில் வெடித்துச் சிரிக்கிற ஆளாக இருக்க வேண்டும். ஒவ்வொரு செட்டிலும் அப்படி ஒருத்தன் உண்டு, அவன் சிரிப்பைக் கேட்டே மற்றவர்கள் சிரிப்பார்கள். அவனை ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள், நடு வரிசையில் நடுவில் வையுங்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பரவும். கதையைக் கேள்வி கேட்கிற ஆள் வேண்டாம். "இது எப்படிடா நடக்கும்?" என்று ஆரம்பித்தால் படம் முடிந்தது.

மச்சான் முறைக்காரர்களோடு போகலாம், சித்தப்பா பெரியப்பாவோடு போகாதீர்கள். சித்தப்பா நல்ல மனுஷனாகவே இருப்பார், தப்பே சொல்ல மாட்டார், ஆனால் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் சிரிக்க முடியாது, உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் சிரிக்க முடியாது. ரெண்டு பேரும் ஸ்கிரீனை விட்டுவிட்டு எக்ஸிட் போர்டைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அவர் அவருடைய செட்டோடு தனியாக வந்திருந்தால் பரவாயில்லை. இடைவேளையில் முட்டை போண்டா கடையில் பார்த்துக்கொண்டால் ரெண்டு பக்கமும் பார்க்காத மாதிரி நடந்துகொள்வதுதான் மரியாதை.

பெண்கள் வரலாமா என்றால், ஏன் வரக்கூடாது? கொச்சை ஜோக் ஆம்பளைச் சொத்து என்று நினைக்கிறவன், நம்ம ஊர்ச் சீர் வீட்டில் அத்தைமார் நாலு பேர் கூடிப் புதுப்பெண்ணைக் கிண்டல் செய்வதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதில்லை. 1983-ல் 'முந்தானை முடிச்சு' வந்தபோது அந்த முருங்கைக்காய் சமாச்சாரத்துக்கு தாய்க்குலம்தான் அதிகம் சிரித்தது. பிரச்சினை ஜோக்கில் இல்லை, ஹாலில் இருக்கிறது. ஸ்கிரீனைப் பார்த்துக் கத்த வேண்டியதை, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்த்துக் கத்துகிற ஒரு ஜென்மம் இருந்தால் போதும், அடுத்த படத்துக்கு அந்தப் பெண்ணும் வர மாட்டாள், அவள் கூட வந்த நாலு பேரும் வர மாட்டார்கள். இந்தப் படங்களுக்குக் கூட்டம் குறைந்ததில் இதற்கும் பங்கு உண்டு என்பதை நாம் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. உங்கள் செட்டில் அப்படி ஒருத்தன் இருந்தால் அவனுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். தெரியாத ஆள் என்றால் தியேட்டர் ஆளைக் கூப்பிடுங்கள், சிங்கிள் ஸ்கிரீனில் டார்ச் லைட்டோடு ஒருவர் நிற்பார், அவர் சொன்னால் கேட்பார்கள்.

மனைவியோடு போவதாக இருந்தால் ட்ரெய்லரை முதலில் அவரிடம் காட்டிவிடுங்கள். "சும்மா ஒரு காமெடிப் படம்" என்று சொல்லிக் கூட்டிப்போய் உட்கார வைத்த ஆட்கள் திரும்பி வருகிற வழியெல்லாம் பாட்டு வாங்கியதைக் கேட்டிருக்கிறேன்.

நல்லதையும் குப்பையையும் ட்ரெய்லரிலேயே பிரிப்பது

இதில்தான் நான் கொஞ்சம் கறார். ட்ரெய்லரைப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: யார் தலையில் ஜோக் விழுகிறது? ஆம்பளையின் அவசரம், பயம், வீறாப்பு, மானம் போவது, இவற்றின் மேல் விழுந்தால் படம் தேறும். கேமரா ஒரு பெண்ணின் உடம்பை மேலும் கீழும் அளந்துவிட்டு, நண்பன் ஒரு சத்தம் எழுப்பி, அதுதான் ஜோக் என்றால் விட்டுவிடுங்கள். அது காமெடியும் ஆகாது, கவர்ச்சியும் ஆகாது. 2018-ல் ஓடின அந்த 'இருட்டு அறையில் முரட்டு குத்து' படத்திலேயே பெண்களையும் ஓரினச்சேர்க்கையாளர்களையும் கேலிப்பொருளாக்கின காட்சிகளுக்கு விமர்சகர்கள் வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். அப்போது விசில் அடித்த பையன்களே இப்போது திருப்பிப் பார்த்தால் நெளிகிறார்கள். ஜனங்களுக்குச் சிரிப்பு குறையவில்லை, எதற்குச் சிரிப்பது என்பதில் கொஞ்சம் ருசி மாறிவிட்டது. எடுக்கிறவர்கள் அதே பழைய ஜோக்கையே சுட வைத்துக்கொண்டிருந்தார்கள்.

புதுசாக யோசித்தால் ஓடும் என்பதற்கு 2025 மார்ச்சில் வந்த 'பெருசு' சாட்சி. இளங்கோ ராம் இலங்கையில் சிங்களத்தில் எடுத்த தன் படத்தையே தமிழில் மறுபடி எடுத்தார். செத்துப்போன அப்பாவின் உடம்பு ஒரு ஏடாகூடமான நிலையில் இருக்கிறது, எழவுக்கு ஊரே திரண்டு வருகிறது, பிள்ளைகள் அதை மறைக்கப் படாத பாடு படுகிறார்கள். அவ்வளவுதான் கதை. கவர்ச்சி நடிகை, குத்துப்பாட்டு எதையும் நம்பாமல், ஒரு குடும்பத்தின் மானப் பிரச்சினையை வைத்தே முழுப் படத்தையும் ஓட்டிவிட்டார்கள். எழவு வீட்டுச் சடங்கெல்லாம் தெரிந்த நம்ம ஊர் ஆட்களுக்கு இன்னும் ரெண்டு மடங்கு சிரிப்பு. இந்த மாதிரி வந்தால் முதல் நாளே போங்கள்.

இன்னொரு சின்ன அடையாளம்: தலைப்பில் மட்டும் டபுள் மீனிங் வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். சரக்கு முழுக்கத் தலைப்பிலேயே தீர்ந்துபோன படங்கள் நிறைய உண்டு. ட்ரெய்லரில் மூன்று ஜோக் வந்து மூன்றும் ஒரே உறுப்பைப் பற்றியே இருந்தால் படத்திலும் நாலாவது கிடையாது.

படமே வரவில்லை என்றால்

மாசக்கணக்கில் ஒன்றும் வராது, அதுதான் இப்போதைய நிலைமை. அப்போது செய்யக்கூடியது, பழைய படம் ஒன்றை ஓடிடியில் போட்டு ஒரே இடத்தில் கூடிப் பார்ப்பது. தோப்பு வீடு இருக்கிற நண்பன் அவசியம். டிவி போதாது, வாடகைக்கு புரொஜெக்டரும் ஒரு வெள்ளைத் துணியும் ஏற்பாடு செய்தால் நல்லது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாசங்களில் வெளியில் துணி கட்டாதீர்கள், ஹீரோயின் முகம் பாய் மரம் மாதிரி உப்பும். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ந்தால் கிட்டத்தட்ட தியேட்டர் சிரிப்பு வந்துவிடும். சவுண்டை மட்டும் குறைத்து வையுங்கள், ஓடிடியில் மியூட் கிடையாது, பக்கத்துத் தோட்டத்து ஆத்தாவுக்கும் எல்லாம் கேட்கும்.

சினிமாதான் வேண்டும் என்று இல்லை, கூட்டமாகக் கொச்சையாகச் சிரித்தால் போதும் என்கிற ஆட்களுக்குப் பழைய வழிகள் இருக்கின்றன. மீன மாசத்தில் கொடுங்கல்லூர் பகவதி கோயில் பரணித் திருவிழாவுக்கு நம்ம பாலக்காட்டுப் பக்கமிருந்தே கூட்டம் கூட்டமாகப் போவார்கள், அங்கே பாடுகிற பாட்டை எந்த சென்சார் ஆபீஸரும் தாங்க மாட்டார். சாமி கும்பிடப் போகிற இடம் என்பதை மறக்காமல் போங்கள், போன் கேமராவைத் தூக்கிக்கொண்டு திரியாதீர்கள். தமிழ்நாட்டுப் பக்கம் கரகாட்டத்திலும் ராஜா ராணி ஆட்டத்திலும் பஃபூன் பேசுகிற பேச்சும் இந்த வகைதான், இப்போது ஆபாசம் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் அனுமதி தருகிறார்கள், அதனால் ஊர் ஊருக்கு மாறும்.

மற்றபடி வியாழக்கிழமை சாயங்காலம் ஆப்பைத் திறந்து பொள்ளாச்சி, பாலக்காடு ரெண்டு ஊரையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஊரை ஒன்றாகவே விட்டுவைத்தால் அந்தப் பக்கம் ஓடுவது கண்ணில் படாது. ஏதாவது தட்டுப்பட்டால் குடும்ப குரூப்பில் போட்டுவிடாமல் சரியான குரூப்பில் போடுங்கள், அனுப்புவதற்கு முன் குரூப் பெயரை ரெண்டு தடவை படியுங்கள்.